மொய் நோட்டில் இல்லாத வரிகள்

2019 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டை மூன்றாகப் பிரித்தார்கள். தோப்பு, வீட்டு மனை, கறவை மாடு, போர் தண்ணீரில் யாருக்கு எந்த நாள் முறை என்பதெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. நோட்டுக்குத்தான் விளக்கு வைக்கிற நேரம் வரை ஆயிற்று.

அது மாமாவின், அதாவது என் மாமனாரின், மொய் நோட்டு. எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்து மண்டபங்களில் கல்யாணம் நடக்காது, மொய் விருந்து நடக்கும். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரே பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறி சமைத்துப் போட்டு, வீட்டுக்கு ஒரு மேசை போட்டு மொய் வாங்குவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நமக்கு ஐயாயிரம் எழுதியவர் அவர் முறைக்கு விருந்து வைக்கும்போது அந்த ஐயாயிரத்தைத் திருப்பி, அதற்கு மேல் நம்மால் ஆனதைப் புது மொய்யாக எழுதவேண்டும். பழையதை மட்டும் கொடுத்தால் கணக்கை முடித்துக்கொண்டதாக அர்த்தம். ஒரு வீட்டுக்குச் சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முறை வரும்.

நான் பிறந்தது ஒரத்தநாட்டுப் பக்கம். 1996இல் கல்யாணமாகி வந்தபோது இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரே நாளில் மூட்டை மூட்டையாகப் பணம் வருகிறதே என்று. அது கடன் என்று புரியவே எனக்கு இரண்டு விருந்து ஆயிற்று.

மாமா இருந்தவரை வீட்டில் ஒரே உலை. மூன்று மகன், மூன்று மருமகள், பிள்ளைகள். தேங்காய் வெட்டிய காசு மாமா மடிக்குப் போகும். பத்தாயத்துச் சாவி அத்தையின் இடுப்பில். யாருக்கு என்ன தேவையோ மாமாவிடம் கேட்கவேண்டும், மருமகள்கள் அத்தை வழியாகக் கேட்கவேண்டும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு 2003இல் காலில் அடிபட்டு எட்டு மாதம் படுத்திருந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறுகூடக் குறையவில்லை. தனிக்குடித்தனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கும்.

ஆனால் சோறு குறையாத வீட்டிலும் யாருக்கு எது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரல் மாமாவுக்கும் பேரன்களுக்கும். மீன் என்றால் நடுத்துண்டு ஆண்களுக்கு. மருமகள்கள் சட்டியை வழித்துச் சாப்பிடுவோம். அத்தை எங்களுக்கும் பிறகு சாப்பிடுவார், அதனால் அவரிடம் சண்டை போடவும் முடியாது. எனக்கு இரண்டாவது பிரசவத்தின்போது இரத்தம் குறைவு என்று நர்சம்மா சொன்ன பிறகுதான் ஈரலில் ஒரு துண்டு என் தட்டுக்கு வந்தது. அதையும் அத்தை மற்றவர்கள் பார்க்காமல் சோற்றுக்குள் மறைத்து வைத்தார்.

மருமகள்களுக்கு என்று இருந்தது சிறுவாடுதான். ஆடு, கோழி, கீற்று முடைந்த காசு, பால் காசில் மிச்சம். அதை எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. மாமா கடைசிவரை கேட்டதில்லை. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, கும்பிடவேண்டும். ஒரே ஒரு குறை, இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பணம், அதைக் குடும்பத்துக்குப் போட்டாலும் போட்டதாக யாருக்கும் தெரியாது.

2015 ஆடியில் எங்கள் முறை வந்தது. விருந்து வைக்கப்போகிறவர்கள் அதற்கு முந்திய ஒன்றிரண்டு வருடம் ஓடி ஓடி மொய் செய்வார்கள். அப்போது செய்தால்தான் நம் விருந்தில் திரும்பி வரும், மேலேயும் வரும். விதைநெல் மாதிரி. 2014இல் விதைக்க மாமா கையில் காசு இல்லை. என் ஐந்து பவுனைக் கழற்றிக் கொடுத்தேன். கழற்றிக் கொடுத்தேன் என்று சொல்வது எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மரியாதை. “நகையை வச்சுட்டு ஒரு வருசத்துல திருப்பிடலாம் ஆத்தா” என்று அத்தை சொல்லும்போது மாமா பக்கத்தில் நின்றார், வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை. அடகுக்கு 70,000 வந்தது. அதை ஒன்பது வீட்டுக்கு மொய்யாகச் செய்தார்கள். ஒன்பதும் மாமா பெயரில்.

விருந்தில் எங்கள் மேசைக்கு 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதில் 9 லட்சம் புது மொய், அதாவது கடன். பெரிய அத்தான் மகனின் இன்ஜினியரிங் படிப்புக்கு மூன்றரை லட்சம், கொழுந்தன் வீடு கட்ட மூன்று லட்சம், தோப்புக்கு போர் போட இரண்டேகால் லட்சம், மீதி பழைய கடன். என் நகை? ‘அடுத்த வெட்டில் திருப்பிவிடலாம்’ என்றார்கள். இரண்டு பவுனை என் சிறுவாட்டில் நானே திருப்பினேன். மூன்று பவுன் வட்டி ஏறி, திருப்ப முடியாமலே போயிற்று.

அந்த விருந்துக்கு என் அண்ணன் வந்து 50,000 எழுதினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எங்கள் சித்தப்பா, பெரியப்பா மக்கள் எழுதியதையும் சேர்த்தால் என் பிறந்த வீட்டுப் பக்கமிருந்து 1,20,000. அன்று அத்தை எனக்கு முதல் பந்தியில் இலை போட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணன் அவ்வளவு எழுதியதற்குக் காரணம் உண்டு. 2011இல் அப்பா இறந்த பிறகு, எங்கள் ஊர் நிலத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் மிரட்டவில்லை. அண்ணன் ஆட்டோ வைத்து அழைத்துப் போனான், பட்டுப்புடவை எடுத்துத் தந்தான், மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டோம். கையெழுத்துப் போடாவிட்டால் என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வார், நாளைக்கு நான் செத்தால் கோடித் துணி யார் போடுவார் என்பதுதான் மனதில் ஓடியது. 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் அதே உரிமை. நான் அன்று போட்ட கையெழுத்தின் மதிப்பு எவ்வளவு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாமா 2017இல் காலமானார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் தோப்பில் 260 மரம் இருந்தது, காலையில் நின்றவை 31. அந்தக் காட்சியைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குள் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன். மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500 என்று மொத்தம் 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். பட்டா மாமா பெயரில். செத்தவர் கணக்கில் பணம் ஏறாது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வருடமாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருந்தோம். அவசரமாக ஓடி, பெரிய அத்தான் பெயரில் பணம் வந்து, அது யாருடையது என்பதில்தான் முதல் விரிசல். உலை வேறாயிற்று.

இதை அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டுப் பெரியவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும். துக்க வீட்டில் இதையா பேசுவது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் ஐந்து பெயர். அத்தை, மூன்று மகன்கள், நாத்தனார். திண்ணையில் பங்குக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்.

பத்திர எழுத்தர்தான் நேராகச் சொன்னார், மற்ற இரண்டு பேரும் எழுதிக் கொடுக்காமல் பத்திரம் நிற்காது என்று. நாத்தனாருக்குக் கல்யாணம் 1991இல். சட்டப்படி பங்கு உள்ளவர். அவரைக் காரில் போய் அழைத்து வந்தோம். நான்தான் புடவை எடுக்கப் போனேன். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு. கடைக்காரர் மடித்துப் பையில் போடும்போது எனக்கு 2011 ஞாபகம் வந்தது. அதே மாதிரிப் பை. வந்து ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார் கையெழுத்துப் போட்டார், நாங்கள் பத்திரத்தை வாங்கிக்கொண்டோம். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, ஏனென்றால் அவர் விட்டுக் கொடுத்ததில் மூன்றில் ஒன்று என் வீட்டுக்கு வந்தது.

அத்தைக்கும் கையெழுத்துப் போட வைத்தார்கள், கைநாட்டு. ‘மாசத்துக்கு ஒரு வீட்டில் சாப்பாடு’ என்று முறை வைத்தார்கள். பத்தாயத்துச் சாவி வைத்திருந்தவர் கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து மூன்று வீட்டுக்கும் நடக்கவிட்டோம். பிப்ரவரி யார் வீட்டில் என்றுகூட ஒரு தடவை பேச்சு வந்தது, அதில் நாள் குறைவு அல்லவா.

அப்புறம்தான் நோட்டு. நிலத்தைப் பிரிக்க அளவுகோல் இருக்கிறது. நோட்டை எப்படிப் பிரிப்பது? அத்தையின் தம்பி, வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், நடுவில் உட்கார்ந்தார். எனக்குச் சித்தப்பா முறை. ஒவ்வொரு வரியாக வாசித்து, பக்கத்தில் 1, 2, 3 என்று பென்சிலில் எண் போட்டார். இன்னும் ஐந்து லட்சத்துக்கு மேல் திருப்பிச் செய்யவேண்டி இருந்தது. மரமெல்லாம் விழுந்து கிடக்கிறது. அந்த ஆடிக்கே பதினெட்டுப் பத்திரிகை வந்திருந்தது. அவர்களுக்கும் மரம் விழுந்திருக்கிறது, அவர்களும் கேட்கத்தானே செய்வார்கள்.

ஊர் வரிகள் சுலபமாகப் பிரிந்தன. என் அண்ணன் பெயர் வந்தது. கொழுந்தன் சொன்னார், “அது மதினி வீட்டு மொய். மதினியே பாத்துக்கட்டும்.” பெரிய அத்தானும் தலையாட்டினார். சம்பந்தி வீட்டு மொய் அந்தந்த மருமகளோடு போகும் என்பது இங்கே பழக்கம்தான். வரும்போது பொதுப் பையில் விழுந்தது, படிப்பானது, வீடானது. போகும்போது என் தலையில். அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தான். ஐம்பதாயிரத்தை நான்தான் கொண்டுபோக வேண்டும்.

அன்றுதான் எனக்கு அந்தக் கணக்கு முழுசாகத் தெரிந்தது. பிறந்த வீட்டில் நான் விட்டுக் கொடுத்த நிலத்துக்குப் பதிலாக அண்ணன் மனதில் செய்த சீர் அது. நோட்டில் ஏறியதும் அது மொய். நோட்டைப் பிரித்ததும் அது என் கடன்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. மகள் எட்டாம் வகுப்பில் பாதி எழுதிய அறிவியல் நோட்டு, பின்பக்கத்திலிருந்து நான் எழுதியிருந்தேன். நகை வைத்த தேதி, எடை, தொகை, அந்த ஒன்பது வீட்டின் பெயர், 2015 விருந்தில் அவர்கள் திருப்பி எழுதியது எவ்வளவு என்று. அடகு ரசீதும் அதற்குள்ளேயே. உள்ளே போய் எடுத்து வந்து சித்தப்பா முன்னால் வைத்தேன். திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது நான் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வாசித்தார். அதற்குள் ஓரகத்தி அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, “என் நாலு பவுனும் அப்படித்தான் போச்சு, எங்கிட்ட எழுத்து இல்ல” என்றார். இருபது வருடம் ஒரே அடுக்களையில் இருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டதில்லை.

முழு நியாயம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். என் சொந்தக்காரர்கள் எழுதிய 70,000 மூன்றாகப் பிரிந்தது. அண்ணனின் 50,000 என்னோடேயே நின்றது, “அது உடன்பொறப்பு, அதைப் பிரிக்கக் கூடாது ஆத்தா” என்று சித்தப்பா சொல்லிவிட்டார். போன மூன்று பவுனுக்கு எங்கள் பங்குக் கடனில் 40,000 கழித்தார். அக்காவுக்கு ஒன்றும் கழியவில்லை. எழுத்து இல்லை என்பது மட்டும்தான் காரணம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நோட்டு என் கையில். மாமா நோட்டில் பெயர், ஊர், தொகை என்று மூன்று கட்டம்தான். நான் இன்னும் மூன்று சேர்த்தேன். பணம் எங்கிருந்து எடுத்தது (தேங்காயா, நகையா, சிறுவாடா), வந்த பணம் எதற்குப் போயிற்று, திருப்ப வேண்டியவர் யார். கடைசிக் கட்டத்தை அன்றைக்கே நிரப்பிவிட வேண்டும். சந்தோஷமாக இருக்கும்போது கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கங்களை மகன் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறான். ஒரே ஒருவர் கையில் இருக்கிற நோட்டு, அவர் போன மறுநாள் வெறும் காகிதம்.

நகை அடகு வைத்தால் ரசீது நகைக்காரியின் பெயரில்தான் இருக்கவேண்டும் என்று மருமகளாக வந்திருக்கிற பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன். பொது வேலைக்கு நகை போனால், பொதுப் பணம் வந்த அன்றே முதலில் நகையைத் திருப்பு, அப்புறம்தான் மற்றது. விருந்தில் வாங்கிய மொய்யை வருமானம் போலச் செலவு செய்யாதே என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், செய்யாதவர் கிடையாது. நாங்கள் இப்போது புது மொய்யில் பாதியைத் தனிக் கணக்கில் போட்டு, வருகிற பத்திரிகைக்கு அதிலிருந்து எடுக்கிறோம். கொரோனா வந்த 2020இல் விருந்தே நடக்காமல் வரவேண்டியவை நின்றுபோனபோது அதுதான் தாங்கியது.

விடுதலைப் பத்திரம் பற்றி என் மகளிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். விட்டுக் கொடுப்பது உன் இஷ்டம். ஆனால் முதலில் அதன் விலையைக் கேள், பிறகு கொடு. அதற்காக ஏதாவது தருகிறார்கள் என்றால் அதைப் பத்திரத்திலேயே தொகையாக எழுதச் சொல். சீரில் கழித்துக்கொள்ளலாம் என்றால் அது கழிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

நாத்தனாருக்கு நாங்கள் செய்தது குறைவு. 2022இல் அவர் மகன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பவுன் போட்டோம். அவர் பெயரில், அவர் கையில், நோட்டில் ஏற்றாமல். திருப்ப வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு பங்கு தோப்புக்கு இது ஈடா என்றால் இல்லை. மற்ற இரண்டு வீட்டாரும் ‘நீ இப்படிச் செய்தால் எங்களுக்கு என்ன பெயர்’ என்று கோபித்துக்கொண்டார்கள். அதுவும் சரிதான்.

அத்தை விஷயத்தில் மட்டும் திருத்த முடிந்தது. ஒரு வருடம் மஞ்சள் பையோடு அலைந்த பிறகு, பழைய வீட்டின் பின்கட்டில் அவருக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்தோம். மூன்று வீடும் மாதம் இவ்வளவு என்று அவர் கையில் பணமாகக் கொடுப்பது. பேரன்கள் ஆத்தா வீட்டுக்குப் போகிறேன் என்று இப்போது அங்கே ஓடுகிறார்கள். சொத்தை எழுதி வாங்கும்போதே ‘கடைசிவரை பார்த்துக்கொள்வோம்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்திருந்தால், பார்க்காமல் விட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லை. வயதானவர்கள் யாராவது எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்றால் நான் கூடவே போய் அந்த வரியைக் கேட்கிறேன். ஊரில் எனக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர் வந்துவிட்டது, நல்ல அர்த்தத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கறியை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். சட்டி நடுவில். அத்தைக்கு இது பிடிக்கவில்லை, இன்னும் கடைசியில்தான் சாப்பிடுகிறார். அவருக்கென்று எடுத்து வைத்த ஈரலைப் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறார்.

மாமா நோட்டு 1980களிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தியது அத்தை தலைக்குள் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் கல்யாணத்துக்கு யார் எந்த அண்டா வைத்தார், யார் எத்தனை மரக்கால் நெல் கொண்டுவந்தார் என்று வரிசையாகச் சொல்வார். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் பாளை விட்டிருக்கின்றன, அதன் கீழே கட்டிலைப் போட்டுக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போன வாரம் ஒரு பெயரில் நின்றார். அவர் தாய்மாமன் வீடு, நெடுவாசல் பக்கம். அவர் கல்யாணத்துக்குப் பதினோரு ரூபாயும் ஒரு குத்துவிளக்கும் செய்திருக்கிறார்கள். திருப்பிச் செய்ய மாமாவிடம் இரண்டு தடவை கேட்டாராம், நடக்கவில்லை. அதோடு அந்த வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாராம்.

“எதுல எழுதுறது அத்தை, யாரு திருப்பணும்?” என்றேன்.

“எம் பேருல எழுது” என்றார்.

விசாரித்ததில் அந்த வீட்டில் ஆவணி பத்தில் பேத்திக்குக் காது குத்து. பத்திரிகை கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். குத்துவிளக்கு கும்பகோணத்தில் எடுப்பதா, இங்கேயே எடுப்பதா என்று அத்தைக்கு இன்னும் முடிவாகவில்லை.